வேலம்மா பள்ளம்

– பேப்பர எதுக்குய்யா எடுக்கறே? ரோட்டப் பாத்து ஓட்டு.

– ஓட்டல வேலம்மா, வண்டிய நிறுத்திட்டேன். திருப்பாலைவனம் வந்துட்டோம். நல்ல ரோடு இதோட சரி. இனிமே கோட்டைக்குப்பம் போய்ச் சேர்ற வரைக்கும் இந்தப் பேப்பருதான் நமக்கு ரோடு.

– பின்னால படுத்துக்கினு கீறேன், எனக்கு இன்னா தெரியும். இன்னா எழுதிக்கீது அதுல?

– பள்ளம். நேத்து சைக்கிள்ல வந்து ஒண்ணொண்ணா எறங்கிப் பாத்து எழுதினேன். எந்தப் பள்ளம் எந்தப் பக்கம், எத்தினி அடி நீளம், தண்ணி நிக்குதா, ஓரமா டயர் போவ எடம் கீதா, எல்லாம்.

– மொத்தம் எத்தினி?

– நூத்தி அறுவத்தி மூணு. சின்னத சேக்கல.

– ஆப்ரேசன் பண்ண டாக்டரே என் முதுக இம்மா நேரம் பாத்துருக்க மாட்டாரு.

– அவருதான சொன்னாரு, ஆறு வாரத்துக்கு ஒரு குலுக்கல் கூடாதுன்னு. நான் இன்னா பண்ணட்டும்? ஆறு வாரம் கழிச்சு ஊட்டுக்குப் போறோம்னு சொன்னா பெட்டு குடுப்பாங்களா?

– ஆம்புலன்ஸ்ல அனுப்பறேன்னாங்க. நீதான் வேணான்னு சண்ட போட்டே. நர்ஸம்மா சிரிச்சிக்கினு போனாங்க.

– சிரிக்கட்டும். அந்த வண்டிக்கு ஸ்பிரிங்கு எப்டி கீதுன்னு நான் அடில படுத்துப் பாத்தேன். கல்லு மாதிரி கீது. நம்ம வண்டிக்குப் போன தீவாளிக்குத்தான் நாலு பக்கமும் புது சாக்அப்சர் போட்டேன். பொன்னேரிலேர்ந்து இதுவரைக்கும் உனக்கு ஒரு ஆட்டம் தெரிஞ்சுதா?

– தெரில. தூங்கிட்டேன்.

– அதான்.

– தோ பாரு, இது தருமன் ஊடு தான? மூணு வருசமா வண்டிய இங்க கொட்டாய்ல வுட்டுட்டு ஆட்டோ ஏறித்தான வருவே. இன்னிக்கும் என்ன எறக்கி ஆட்டோல ஏத்தப் போறியா?

– இன்னிக்கு வண்டி நம்ம ஊட்டு வாசல்ல போயி நிக்கும். மொத வாட்டி. ஆங், தருமா, வா வா. நேத்து சொன்னியே, அத கொணாந்தியா?

– கொணாந்துட்டேன் சிங்காரண்ணே. அண்ணி, எழுந்திரிக்காதீங்க, அப்படியே படுத்திருங்க. ரெண்டு சாக்கு நெறைய வைக்கோல் அடைச்சிருக்கேன். புது வைக்கோலு, நேத்து காய வெச்சது. ஒண்ணு இடுப்புக்கு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். எப்படி இருக்குது?

– இப்பப் பொறந்த கன்னுக்குட்டி மாதிரி கீறேன் தருமா. உன் ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா?

– எல்லாம் நல்லா இருக்காங்க அண்ணி. மாடுதான் இன்னிக்கு ஒரு மாதிரி இருக்குது. பக்கத்துல வண்டி இல்லாம அதுக்குத் தூக்கம் வராது.

– உங்க அண்ணனுக்கும் வராது. வாராவாரம் ஞாயித்துக்கெழம எங்க போறேன்னு கேட்டா, 'பொன்னேரில வலை நூலு வாங்கணும்'னு சொல்லுவாரு. எத்தினி நூலு வாங்கினாருன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது.

– நூலா? நான் சொல்றத கேளுங்க அண்ணி. காலைல ஆட்டோல வந்து எறங்குவாரு. என் கெணத்துலேர்ந்து இருவது கொடம் எடுப்பாரு. வண்டிய குளிப்பாட்டுவாரு. தொடைப்பாரு. அப்புறம் உள்ள உக்காந்து கதவ மூடிக்கினு பாட்டு கேப்பாரு. பொன்னேரி வரைக்கும் ஒரு ரவுண்டு போவாரு. வந்து மறுபடியும் குளிப்பாட்டுவாரு.

– தருமா, போதும் வுடு. நீ மொபெட்ட எடுத்துக்கினு முன்னால போ. மூங்கில் கழி எடுத்துக்கினியா? தண்ணி நிக்கற எடத்துல எறங்கி ஆழம் பாத்து சொல்லு. ஏரில தோணி தள்றப்ப கழி ஊணிப் பாக்கறோம் இல்ல, அந்த மாதிரி.

– சரிண்ணே. நெல்லு நட்டவன ரோட்டுல தோணி தள்ள வெச்சிட்டே. வா.

– யோவ், அவன் பாவம்யா. அறுப்பு நேரத்துல வேலய வுட்டுட்டு வந்துக்கீறான்.

– நான் கூப்புடல வேலம்மா. பேப்பர காட்டினேன், அவனே வரேன்னான். கெட்டியா புடிச்சிக்கோ. ஒண்ணாவது பள்ளம், எடது பக்கம், மூணு அடி. தாண்டியாச்சு. ரெண்டு, மூணு ஒண்ணா வரும். தோ. தெரிஞ்சுதா?

– தெரில.

– நாலாவது கொஞ்சம் ராங்கு. அதுக்கு டீக்கடைப் பள்ளம்னு பேரு.

– பேரு வேற வெச்சிக்கீறியா?

– நான் வெக்கல, ஊரே வெச்சிக்கீது. டீக்கடை எதிர்ல கீது. அப்பால பாம்புப் பள்ளம், வளைஞ்சு வளைஞ்சு போவும். பிரவீன் பள்ளம் ஒண்ணு கீது, கல்யாணத்துக்கு மொத நாளு புது பைக்கோட உயுந்தான் பாரு, அது.

– நெத்தில கட்டோட தாலி கட்டினானே, அந்தப் பிரவீனா?

– அவனேதான். போட்டோல எல்லாத்துலயும் அந்தக் கட்டு கீது. மெதுவா போறேன், பேசாம வா.

– பத்துல போறே. இதுக்கு மேல மெதுவா போனா கொக்கு வந்து மேல உக்காரும்.

– உக்காரட்டும். கெணத்துத் தண்ணில கழுவிக்கிறேன்.

– ரோட்டப் பத்தி ஆபீசுக்கு எழுதிப் போட்டியே, இன்னா ஆச்சு?

– நாலு வாட்டி எழுதிட்டேன். போன மாசம் நேர்ல போனேன். ஒருத்தர் பைலு ஒண்ண எடுத்துப் பாத்துட்டு, 'இந்த ரோடு போட்டாச்சே, நல்லா இருக்குதே'ன்னாரு. பேப்பர்ல ரோடு பளபளன்னு கீது. வண்டிய அந்தப் பைலு மேலதான் ஓட்டணும். நான் சண்ட போடல வேலம்மா. அவரக் கூட்டியாந்து இந்த ரோட்ல ஒரு வாட்டி வுடலாம்னு, 'சார் வாங்க, என் வண்டில கூட்டினு போயி நல்ல எறா வாங்கித் தரேன்'னு கூப்ட்டேன். வரல.

– உன் வண்டிலயா? இந்த ரோட்லயா? அவருக்காக ஓட்டியிருப்பியா?

– அறுவத்தி ஒம்போது. தாண்டியாச்சு.

– சொம்மா கேட்டேன்யா. மூஞ்சி ஏன் அப்டி போவுது? கண்ணாடில தெரியுது.

– ஒண்ணுமில்ல. எழுவதாவது, வலது பக்கம். தருமா, எவ்ளோ ஆழம்?

– முட்டிக்குக் கீழதாண்ணே. எடது பக்கம் ஏறி வா. ம்ம், வா வா. இன்னும் கொஞ்சம். வந்துட்டே.

– தருமன் நல்லாத்தான் கழி போடறான். ஏரிக்கு வரச் சொல்லு.

– அவன் தண்ணியப் பாத்தா மயக்கம் போடுவான்.

– யோவ், மெய்யாலுமே கேக்கறேன். வண்டிய ஊட்டாண்ட வுடாததுக்கு ரோடு மட்டுந்தான் காரணமா?

– உப்புக்காத்தும்தான். வாசல்ல ஒரு வருசம் நின்னா கதவு அடியெல்லாம் துரு புடிச்சு ஓட்ட உயுந்துரும். எங்க நைனா எனக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் குடுத்தாரு, ரெண்டு மழக்காலத்துல உதிந்து போச்சு. கையில ஹேண்டில்பாரோட நின்னேன். அப்பவே நெனச்சேன், இனிமே ஒண்ணு வாங்கினா அத நல்லா வெச்சுக்கணும்னு.

– ஏரிலேர்ந்து வந்தா நல்ல தண்ணில சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் ஸ்டீரிங்கத் தொடுவியாமே. தருமன் பொண்டாட்டி சொன்னா. என்னத் தொடறப்ப ஒரு நாளும் கழுவினதா ஞாபகம் இல்ல.

– நீ துரு புடிக்க மாட்டேடி.

– பாக்கலாம். ஏன்யா நின்னுட்டே?

– நூத்தி நாலாவது.

– அதுக்குப் பேரு இல்லியா?

– கீது. வேணாம் வுடு.

– எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப பக்கத்தூட்டு பொன்னியம்மா சொன்னா. வேலம்மா பள்ளம். ஆட்டோல ஏறினா, 'வேலம்மா பள்ளத்துல எறங்கறவங்க யாரு'ன்னு கேக்கறாங்களாம். தலைவருங்களுக்குத்தான் செத்தப்புறம் தெருவுக்குப் பேரு வெப்பாங்க. எனக்கு உசுரோட வெச்சிக்கீறாங்க.

– சிரிக்காத வேலம்மா.

– தையல் இழுக்குது, பாத்துதான் சிரிக்கறேன். கொஞ்சம் தலையத் தூக்கு, நான் பாக்கணும்.

– படுத்துக்கோ. பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. தண்ணி நிக்குது. ஆட்டோ கவுந்த எடத்துல இன்னும் கண்ணாடி செதறிக் கீது. உன் எறாக் கூடை ஒண்ணு வேலி மேல மாட்டிக்கினு கீது, எவனும் எடுக்கல.

– நல்ல கூடை. எடுத்து வண்டில போடு.

– அன்னிக்குக் காலைல நீ இன்னா கேட்டேன்னு ஞாபகம் கீதா?

– வுடுய்யா.

– 'ரெண்டு கூடை கீது, ராத்திரி பூரா மழை, ஆட்டோல இடம் கெடைக்காது. ஒரு நாளு வண்டிய எடுத்தாந்து என்னப் பொன்னேரி மார்க்கெட்ல வுடேன்'னு கேட்டே. நான் இன்னா சொன்னேன்?

– 'ரோடு நாறிக்கீது, வண்டி அடி வாங்கும்'னு சொன்னே.

– வண்டி அடி வாங்கும்னு சொன்னேன். சொல்லிட்டு உன்ன அந்த ஆட்டோல ஏத்தினேன். ஒம்போது பேரு உக்காந்துருந்த ஆட்டோ. நானே கூடைய மேல தூக்கி வெச்சேன். அப்பால ஊட்டுக்குப் போயி கஞ்சி குடிச்சேன். குடிச்சிக்கினு இருக்கறப்பதான் ஆட்டோ கவுந்துடுச்சுன்னு கோதண்டம் ஓடியாந்தான்.

– நீ ஏத்தல. நானே ஏறினேன். இருவது வருசமா ஏறறேன்.

– மூணு வருசமா இந்த ரோட்டத் திட்டிக்கினு கீறேன். கல்லு எங்க கீது, குழி எங்க கீதுன்னு எல்லாம் தெரியும். வண்டிக்கு இது ஆவாதுன்னு தெரிஞ்ச எனக்கு, உனக்கு ஆவாதுன்னு ஒரு நாளும் தோணல பாரு. அதே ரோட்லதான நீ தெனம் போயிக்கினு இருந்தே.

– அழுதேன்னா ரோடு தெரியாது. மறுபடியும் இதே பள்ளத்துல என்னத் தள்ளிட்டா அப்பால ரெண்டாவது கல்வெட்டு வெப்பாங்க. கண்ணத் தொடைச்சிக்கோ.

– தொடைச்சிட்டேன்.

– நான் கோவமாத்தான் இருந்தேன்யா. பொய் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரில மொத நாலு நாளு உம்மூஞ்சியப் பாக்கக்கூடப் புடிக்கல. அந்த வெள்ளக் காரக் கொளுத்தணும்னு நெனச்சேன். அப்பால நீ அது பின் சீட்டு அகலத்த மொழம் போட்டு அளந்துக்கினு வந்து, என்னக் கட்டில்ல ஒருக்களிக்கச் சொல்லி என்னையும் அளந்தே பாரு. அன்னிக்குக் கோவம் பூடுச்சி.

– நீ சீட்டுல படுக்க முடியுமான்னு பாத்தேன்.

– தெரியும். போ, வண்டிய எடு. வேலம்மா பள்ளத்த மெதுவா தாண்டு. எம்மேல ஏறிப் போவாத.

– தருமா, வலது பக்கம் எவ்ளோ எடம் கீது?

– ரெண்டு டயர் தாராளமா போவும்ணே. நேரா வா. திருப்பாத. வா, வா. தாண்டிட்டே. அண்ணி, தெரிஞ்சுதா?

– தெரில தருமா. அந்தக் கூடைய எடுத்துக்கினு வா.

– வேலம்மா, இன்னொண்ணு கேக்கவா? காலு எப்டி கீது?

– எந்தக் காலு?

– எடது.

– அதே மாதிரிதான். முட்டிக்குக் கீழ யாரோ பக்கத்துல வெச்சி மறந்துட்டுப் போன காலு மாதிரி கீது. டாக்டர் சொன்னது உனக்கும்தான தெரியும். நரம்பு நசுங்கிக்கீது, வந்தா மூணு மாசத்துல வரும், வராமலும் பூடும்.

– வரும்.

– தெனம் காலைல நான் தூங்கறேன்னு நெனச்சு அந்தக் கால கிள்ளிப் பாக்கறியே, எதுக்கு?

– உனக்கு எப்டித் தெரியும்? உணந்தியா?

– காலுக்குத் தெரில. கண்ணு முழிச்சிக்கினுதான் கீறேன். பதினோரு நாளா பாக்கறேன். கிள்ளிட்டு, அப்பால அதே எடத்த நீவி வுடறே.

– நீவி வுடாம? கிள்ளினா செவக்குது.

– கூடைக்காரிக்கு ஒத்தக் காலு போனா இன்னா பண்றதுன்னு நானும் யோசிச்சிக்கினுதான் கீறேன். ஊட்டுல உக்காந்து மீனு காய வெக்கலாம். மார்க்கெட்டுக்கு நீ எடுத்துக்கினு போவணும்.

– உன்ன நானே கூட்டினு போறேன். இந்த வண்டில. மழையோ வெயிலோ. கூடை பின்னால, நீ முன்னால.

– சீட்டு பூரா மீனு நாத்தம் அடிக்கும்.

– அடிக்கட்டும்.

– இத எழுதிக் குடு. தருமன் சாட்சி.

– நூத்தி அம்பத்தி எட்டு, அம்பத்தி ஒம்போது. தோ, ஏரித் தண்ணி தெரியுது. காத்து வருது பாரு. நூத்தி அறுவது. கண்ணாடிய எறக்கவா?

– எறக்கு. ஆஸ்பத்திரி நாத்தம் போவட்டும்.

– அண்ணே, நூத்தி அறுவத்தி மூணும் தாண்டியாச்சு. பேப்பர மடிச்சு உள்ள வெய்யி. நான் முன்னால போயி உங்க பொண்ணு சுபாகிட்ட சொல்றேன், கதவத் தொறந்து வெக்கட்டும்.

– போ தருமா. வேலம்மா, ஒண்ணுகூட உனக்குத் தெரியலியே? நூத்தி அறுவத்தி மூணுல ஒண்ணுகூட?

– ஒண்ணுகூட. நீ பெரிய டிரைவருதான், ஒத்துக்கறேன். முன்னால பாரு. யோவ், ரோட்டப் பாரு...

– ஐயோ.

– யோவ்.

– வேலம்மா. வேலம்மா, அசையாத, நான் எறங்கி வரேன். நேத்து இந்த எடத்துல ஒண்ணுமே இல்ல, சத்தியமா. தண்ணி லாரி எதுனா போயிருக்கணும். முதுகா? இடுப்புல கட்டின பெல்ட்டு கழண்டுதா?

– அடில இன்னாமோ ஒடஞ்ச சத்தம் கேட்டுதே. வண்டியப் பாரு மொத.

– வண்டி கெடக்குது. முதுகு வலிக்குதா, அத சொல்லு.

– இல்ல. வைக்கோலு தாங்கிக்கிச்சு. முதுகுல ஒண்ணுமில்ல.

– பின்ன ஏன் மூஞ்சி அப்டி சுளிக்குது? கண்ணுல தண்ணி வருது. எங்க வலிக்குது, சொல்லேன்டி.

– கதவுல இடிச்சிக்கினேன்யா. கட்ட வெரலு. உசுரு போவுது.

– எந்தக் காலு வேலம்மா?

– எடது.