ஐந்து நல்ல பற்கள்

பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அதனால் கிளினிக்குக்கு வந்ததும் முதல் வேலையாக ஜன்னல் திரையை விலக்கிவிடுவேன். நீங்கள் எழுதிக்கொள்வதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நல்ல டாக்டர்.

பாட்டு டீச்சர் வந்த அன்றும் நல்ல வெயில். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முன்பல் ஒன்றை இழந்தவள். வேறொரு டாக்டர் தாடை எலும்பில் திருகு வைத்துப் பல் கட்டியிருந்தார். திருகு கொஞ்சம் முன்தள்ளி நின்றதால் ஈறு மேலே ஏறி, அந்தப் பல் மட்டும் நீண்டு தெரிந்தது. ஈறோரம் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வேறு.

"பசங்க என்னை முயல் டீச்சர்னு கூப்பிடுறாங்க டாக்டர். வாயைத் திறக்காம எப்படிப் பாட்டு சொல்லித் தர்றது?" என்றாள்.

எட்டு மாதம் மெனக்கெட்டேன். பழைய திருகை எடுத்து, எலும்பை நிரப்பி, அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஈறில் வைத்துத் தைத்து, புதுப் பல் பொருத்தினேன். கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் சிரித்தாள் பாருங்கள், அறையே குலுங்கியது. நர்ஸாக இருக்கும் என் மனைவியைக் கட்டிக்கொண்டாள். அங்கேயே நின்று நாலு வரி பாடினாள். நான் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். ஐம்பத்து நாலு வயதில், வண்டியை எங்கே நிறுத்தினேன் என்பது மறந்துபோய், தெருவை இரண்டு சுற்று சுற்றினேன். அப்படியொரு கிறுகிறுப்பு.

பிறகு அவள் வரவில்லை. குணமானவர்கள் ஏன் வரப்போகிறார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தாள். எல்லாம் அருமையாக இருந்தது. அதுதான் சிக்கல்.

"பக்கத்துப் பல்லு உள்ளே அழுகிட்டு வருதும்மா," என்றேன். வேறு யாருடைய எக்ஸ்ரேயையோ காட்டினேன். அழுதாள். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அழுதால்தானே மறுபடி அப்படிச் சிரிக்க முடியும்.

பிடுங்கிய பல்லைத் தட்டில் பார்த்த மனைவி முகம் சுளித்தாள். "என்னங்க, நல்ல பல்லாச்சே. ஒரு பொட்டு சொத்தை இல்லையே."

"வேர்ல போயிருக்கு. உனக்குத் தெரியாது."

புதுத் திருகை ஒரு மில்லிமீட்டர் முன்தள்ளி வைத்தேன். கை தவறவில்லை. நினைத்தபடியே ஈறு ஏறியது, சாம்பல் கோடு வந்தது, அவளும் வந்தாள். சரிசெய்து கண்ணாடி கொடுத்தேன். சிரித்தாள். முதல் தடவை அளவுக்கு இல்லைதான். ஆனாலும் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

ஆறு வருடத்தில் ஐந்து பற்கள் அப்படிப் போயின. இடையில் அவள் பாடும்போது 'ச' வரும் இடமெல்லாம் காற்று சீறத் தொடங்கியது. பள்ளியில் பாட்டு வகுப்பை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"என் வாய் ராசியில்லாத வாய் டாக்டர். நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோ," என்றாள். அன்றைக்கும் நான் துள்ளித்தான் படி இறங்கினேன்.

உங்கள் மேஜைமேல் பஞ்சில் சுற்றியிருப்பவை அந்தப் பற்கள்தான். என் மனைவி ஒவ்வொன்றையும் எடுத்து வைத்திருந்திருக்கிறாள். நீங்கள் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியதில்லை, நானே சொல்கிறேன். ஐந்தும் நல்ல பற்கள். தெரிந்தேதான் பிடுங்கினேன்.

காலையில் விசாரணைக்கு டீச்சரும் வந்திருந்தாள். என்னைக் கண்டதும் சட்டென்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. என் மனைவி அவளை அணைத்து வெளியே கூட்டிப்போனாள். நீங்கள் எல்லோரும் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு என்னை முறைத்தீர்கள். உங்களைக் குறை சொல்லமாட்டேன், உங்களுக்கு அவளைத் தெரியாது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.