ஜூனோ ஏறிய லாரி

வேட்டை நாயை வெந்நீரில் குளிப்பாட்டக் கூடாது, ஐயா. உரோமத்தின் மினுக்கம் போய்விடும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பட்டுத் துணியால் தேய்க்க வேண்டும். ஜூனோவை நான் அப்படித்தான் வளர்த்தேன்.

நீங்கள் என் மனைவி நாகலெட்சுமியைப் பற்றி விசாரிக்கத் தொழிற்சங்கத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். பிரசவ வலியில் கிடந்தவளுக்குத் தேயிலைத் தோட்டத்துத் துரை லாரியை மறுத்தார் என்று ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் கூட்டத்தில் முழங்கப் போகிறீர்கள். அதற்கு என் வாயால் ஒரு சொல் வேண்டும். தருகிறேன். ஆனால் ஜூனோவைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

ஜூனோ துரையின் நாய், கிரேஹவுண்ட் சாதி. புல்வெளியில் முயலை விரட்டினால் ஜூனோவை முந்த இந்த மலைநாட்டில் நாயில்லை. நுவரெலியாக் கண்காட்சியில் நின்றால் அழகில் அதை வெல்லவும் நாயில்லை. அதன் பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள் என்பதற்குச் சான்று இருந்தது. என் பாட்டன் எங்கே பிறந்தான் என்பதற்குச் சான்றில்லை என்று சொல்லித்தான் என் குடியுரிமை மனுவைத் தள்ளினார்கள். பிறந்த மண்ணில் நான் யாருமில்லை. ஆனால் கண்காட்சித் திடலில் ஜூனோவை நடத்திக்கொண்டு நான் சுற்றி வந்தபோது, துரைசாணிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கயிற்றின் ஒரு முனையில் அது, மறுமுனையில் நான். அந்தக் கைதட்டல் இரு முனைக்கும் உரியது என்றே எடுத்துக்கொண்டேன்.

தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கேலி பேசினார்கள். "நல்லமுத்து அண்ணனுக்கு மூத்த தாரம் பங்களாவுல, எளைய தாரம்தான் நம்ம லயத்துல," என்பார்கள் கொழுந்தெடுக்கும் பெண்கள்.

நாகலெட்சுமியும் சிரிப்பாள். "மூத்தவளுக்குத் தெனம் எறச்சி. நமக்கு ரொட்டியும் சம்பலுந்தான்," என்பாள். நல்ல பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை.

கண்காட்சி நாளன்று விடியலில் அவளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி அம்மாக்கண்ணு வெளியே வந்து, "பிள்ள குறுக்கால கெடக்குப்பா. இனிமே என் கையில ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு," என்றாள்.

தோட்டத்தில் இருந்தது ஒரே லாரி. அதில் ஜூனோ ஏற வேண்டியிருந்தது.

டிரைவர் ஆண்டியப்பன் இளகிய மனத்தவன். "ஆஸ்பத்திரி போற வழியிலதானே இருக்கு அண்ணே? மதினிய எறக்கி விட்டுட்டு நாயக் கொண்டு போவோம்," என்றான்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஜூனோ மிரளும் சுபாவம். அலறலைக் கேட்டால் நடுங்கும். நடுங்கினால் வாலை இடுக்கிக்கொள்ளும். வாலை இடுக்கிய நாய்க்கு எந்த நடுவரும் பரிசு தருவதில்லை. இரத்த வாடை வேறு. இதையெல்லாம் அவனுக்கு விளக்க நேரமில்லை. "தொரையக் கேக்கணும்," என்றேன்.

"ஓடுங்கண்ணே. அவரும் மனுசன்தானே."

பங்களாவுக்கு ஏறினேன். திரும்பி வந்து, "தொரை வேணான்னுட்டாரு," என்றேன். ஆண்டியப்பன் லாரியைக் கிளப்பினான். லயத்தைக் கடக்கையில் நாகலெட்சுமியின் குரல் கேட்டது. ஜூனோவின் காதுகளை இரு கைகளாலும் பொத்திக்கொண்டேன்.

அன்று ஜூனோ கோப்பையை வென்றது. நான் வந்து சேர்வதற்குள் தாயையும் பிள்ளையையும் ஒரே துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

போன மாதம் முயலைத் துரத்திய வேகத்தில் ஜூனோவின் முன்கால் முறிந்தது. துரை துப்பாக்கியை எடுத்துவரச் சொன்னார், எடுத்து வந்தேன். கயிற்றை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்று அழுததைப் போல் என் வாழ்நாளில் நான் அழுததில்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்த விடியலில் துரை பங்களா முற்றத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் சமையற்கட்டுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாமல் நின்றேன். ஒருவன் கேட்டு, இன்னொருவர் மறுக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் நின்றேன். பிறகு இறங்கி வந்தேன். நான் கேட்கவேயில்லை, ஐயா. கேட்டால், ஏற்றிக்கொண்டு போ என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் நான் ஏற்றித்தான் இருப்பேன். துரையின் உத்தரவை ஒருநாளும் மீறாதவன் நான். என்னால் வேறென்ன செய்திருக்க முடியும்?