நாலாவது ஹோஸ்

பழைய காருக்கு ரப்பர் ஹோஸ் மாற்றுவது பெரிய வித்தையொன்றும் இல்லை, சுவாமி. ஒரு திருப்புளி, ஒரு வாளி, அரை நாள் பொறுமை. என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவன் கார் வேலையைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைப்பீர்கள். நான் இந்தப் பலகை முன்னால் முழந்தாளிட்டு ஐந்து வருஷம் ஆகிறது. எங்கே தொடங்குவது என்று யோசித்துப் பார்த்தேன். இதில் தொடங்குவதுதான் எனக்குச் சரியாக வரும்.

வாடகைக் கார் ரோச் என்றால் தூத்துக்குடியில் எல்லாருக்கும் தெரியும். என்னுடையது சீமையிலிருந்து கப்பலில் வந்த கார். இங்கே கம்பெனி நடத்திய வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஹீட்டர்கூட உண்டு. குளிர் நாட்டில் என்ஜினின் வெந்நீரை உள்ளே சுற்றவிட்டுக் காலுக்குச் சூடு காட்டுகிற பெட்டி அது. இந்த ஊரில் அதைத் திருப்பிப் போடுகிறவன் பைத்தியக்காரன்தான். ஆனால் அதில் ஒரு உபகாரம் உண்டு. என்ஜின் அளவுக்கு மேல் கொதித்தால் ஹீட்டரைத் திருப்பிவிட்டால் போதும், கொதிப்பு கொஞ்சம் இறங்கும். டிரைவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

என் மனைவி அல்போன்சா மஞ்சள் காமாலையில் போனபோது கிளாடிஸுக்கு ஆறு வயது. மறு கல்யாணம் செய்துகொள் என்று என் அக்கா மெட்டில்டா சாத்தான்குளத்திலிருந்து வந்து அழுதாள். நான் செய்துகொள்ளவில்லை. பிள்ளைக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன். மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டேன். பதினெட்டு வருஷம் நானும் அவளும்தான். நான் எத்தனை மணிக்கு வந்தாலும் அவள் சாப்பிடாமல் இருப்பாள். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லுகிறேன்.

புதுத் துறைமுகம் திறந்த வருஷம் வளன் பெண் கேட்டு வந்தான். சங்கு குளிக்கிறவன். அவனோடு வள்ளத்தில் போகிறவர்கள் சொல்லுவார்கள், பத்துப் பாகம் ஆழத்தில் மணலுக்குள் புதைந்திருக்கும் சங்கைக்கூட அவன் கண் விடாது என்று. நல்ல பையன். நான் மறுப்புச் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவிலேயே அவன் வீடு. மகள் கூப்பிடு தூரத்தில் இருப்பாள் என்றுதான் சம்மதித்தேன்.

கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை கோயிலில் வாசித்த வாரம் அவனுக்குப் பம்பாயிலிருந்து காகிதம் வந்தது. அங்கே துறைமுகத்தில், தண்ணீருக்குள் இறங்கிக் கப்பலின் அடிப்பாகத்தைச் சோதிக்கிற வேலை. குடும்பத்தோடு தங்க வீடும் உண்டு. கிளாடிஸ் எங்கிருந்தோ ஒரு இந்திப் புத்தகம் வாங்கிவந்து, அடுப்படியில் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தாள்.

“தண்ணிக்குப் பானின்னு சொல்லணுமாம்பா. நம்ம பானைய என்னன்னு சொல்லுவாவளோ” என்று சிரித்தாள்.

“நீங்களும் எங்ககூட வந்துருங்க” என்றும் ஒரு தடவை சொன்னாள். ஒரு தடவைதான். நான் காரைத் துடைக்கப் போய்விட்டேன், அவள் திரும்பக் கேட்கவில்லை.

மூன்றாவது ஓலை வாசித்த மறுநாள் காரைக் கழுவி வேலைக்கு இறக்கினேன். கல்யாணத்துக்கு அதுதானே ஓட வேண்டும். ரேடியேட்டருக்கு மேலே ஒரு ஹோஸ், கீழே ஒரு ஹோஸ், ஹீட்டருக்கு இரண்டு. நாலும் தடித்து வெடித்துப்போயிருந்தன. லாரி சாமான் கடையில் அளவுக்கு வெட்டி நாலு புது ஹோஸ் வாங்கியிருந்தேன். வளன் தானாகவே ஒத்தாசைக்கு வந்தான்.

“மாமா, நம்ம ஊரு வெயிலு பத்தாதுன்னா இந்த ஹீட்டர வச்சிருக்கானுவ?” என்று கேட்டுக்கொண்டே இரண்டு ஹீட்டர் ஹோஸையும் அவனே மாட்டினான். மேல் ஹோஸையும் சேர்ந்து மாட்டினோம். அதற்குள் கோயிலிலிருந்து ஆள் வந்து அவனைக் கூப்பிட்டது.

“நீ போ மாப்ள. கீழ உள்ளத நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

அதை நான் மாற்றவில்லை. பழையதையே திரும்ப மாட்டினேன். கை அசந்துவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். இங்கே பொய் சொல்லக் கூடாது. கீழ் ஹோஸுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். தண்ணீரை பம்ப் உறிஞ்சும்போது ரப்பர் அமுங்கிவிடாமல் தாங்குவதற்காக வைத்தது. அந்தச் சுருளை உருவிவிட்டுத்தான் மாட்டினேன். சுருள் இல்லாத பழைய ஹோஸ் வேகம் பிடித்ததும் ஈரத் துணி மாதிரி ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது. உள்ளே மட்டும் கொதிக்கும்.

ஏன் செய்தாய் என்று கேட்டால், கார் நின்றுபோகட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் அன்றைக்கு யோசிக்கவில்லை.

புதன்கிழமை அக்காவுக்குக் கல்யாணச் சொல்லு சொல்ல நானும் வளனும் சாத்தான்குளம் புறப்பட்டோம். உச்சி வெயில். ஆத்தூர் தாண்டி உள்ளே திரும்பியதும் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. வளன் பம்பாயில் பார்க்கப்போகிற வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரியுமாம். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஹீட்டரின் திருகு என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரிக்குப் பக்கத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் என்ஜின் இழுக்க மாட்டாமல் நின்றது.

வளன் இறங்கிப் பானட்டைத் தூக்கினான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவன் தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, பானட்டுக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான்.

“மாமா, ரேடியேட்டர் மூடியத் தெறக்கலாமா?”

கேட்டுவிட்டுச் செய்கிற பையன், சுவாமி. வண்டி நின்று இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அரை மணி நேரமாவது ஆறவிடாமல் அந்த மூடியில் கை வைக்கக் கூடாது, வெந்நீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும் என்று எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.

“ஆறிட்டு மாப்ள. குனிஞ்சு பாத்துத் தெற” என்றேன்.

குனிந்து பார்த்துத்தான் திறந்தான்.

அவன் கத்தியதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பனங்காட்டில் மரம் ஏறிக்கொண்டிருந்த ஒருவர் இறங்கி ஓடிவந்தார். மாட்டு வண்டியில் போட்டு, பிறகு ஒரு லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவன் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். இரண்டு கண்ணும் வெந்து வெள்ளையாகிவிட்டன. மறுவாரம் காரை இழுத்து வந்து நாலாவது ஹோஸை, சுருளோடு, மாட்டினேன்.

கிளாடிஸ் பின்வாங்கிவிடுவாள் என்று ஊரில் பேசினார்கள். நானும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தேன்.

“கண்ணு போனா மனுசன் போயிட்டானாப்பா?” என்றாள்.

மூன்று மாதம் கழித்து இதே கோயிலில் கல்யாணம் நடந்தது. பீடத்துக்கு அவள்தான் அவனைக் கைபிடித்துக் கூட்டிப்போனாள். என் வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். வேறு எங்கே போவார்கள்? ஒரு பெண் குழந்தை பிறந்தது. வளன் சங்கு அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் உட்கார்ந்து, சங்கை விரலால் தடவித் தரம் பிரிக்கிறான். காலையில் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் கூட்டிவருவதும் நான்தான். யார் கேட்டாலும், “மாமா வேண்டாம்னுதான் சொன்னாவ, நான்தான் பொறுக்காமத் தெறந்துட்டேன்” என்பான். அவனுக்கு அப்படித்தான் ஞாபகம் போலிருக்கிறது. நான் திருத்தவில்லை. திருத்தினால் யாருக்கு லாபம்?

இப்படியே போயிருக்கும். போன வருஷம் இந்தப் பங்குக் கோயிலுக்கு வந்த நீங்கள், நல்ல எண்ணத்தில்தான், மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு எழுதினீர்கள். செத்தவர் கண்ணை எடுத்து வைத்தால் ஒரு கண்ணாவது தெரிய வாய்ப்புண்டு என்று பதில் வந்தது. கண் கிடைத்தால் தந்தி வரும், அன்றைக்கே புறப்பட வேண்டும், எடுத்த கண் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்காது என்று நீங்கள்தான் வீட்டுக்கு வந்து விளக்கினீர்கள். அதற்குப் பிறகு கிளாடிஸ் தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு வந்துவிடுகிறாள்.

தந்தி போன வாரம் வியாழக்கிழமை வந்தது. அவள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தபால்காரரிடம் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல வளனைக் கிட்டங்கியில் விட்டுவிட்டு வந்தேன். சனிக்கிழமை அதை அடுப்பில் போட்டேன்.

அவர்கள் நன்மைக்காகத்தான் யோசித்தேன். போய், பலிக்காமல் திரும்பினால் அந்தப் பையன் மனசு என்ன ஆகும்? பலித்தால் மட்டும் என்ன? கண் வந்த மறுநாள் பம்பாய் ஞாபகம் வரும். முன்பின் தெரியாத ஊரில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, குழந்தையோடு அலைவார்கள். இங்கே அவர்களுக்கு என்ன குறை?

நேற்று வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும், இன்னும் தந்தி வரவில்லையா அண்ணாச்சி என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். திங்கட்கிழமை நானே மதுரைக்கு எழுதிக் கேட்கிறேன் என்றீர்கள். அதனால்தான் இன்றைக்கு வந்தேன். இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் காதில் விழுந்ததை வைத்து ஒரு குருவானவர் வெளியே ஒரு சொல் பேசக் கூடாது, ஒரு வரி எழுதக் கூடாது என்று சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்திருக்கிறேன். உங்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

பரிகாரத்துக்கு எத்தனை செபமாலை என்று மட்டும் சொல்லுங்கள், சுவாமி. நேரமாகிறது. நான் போகாமல் கிளாடிஸ் சாப்பிட மாட்டாள்.