நூறு நானோமீட்டருக்காக வண்டியை நிறுத்தி வைத்தவர்

கண்ணுக்குத் தெரியாத மேட்டைக் கண்டுசொல்லும் கண்ணே! வானத்துக் கோடிகளைக் கதவின்மேல் சாக்பீஸ் கணக்காய் அடக்கிய அறிவே! அளவுக்கு அஞ்சுவதையே அணிகலனாய்ப் பூண்டு, எங்கள் அனைவருக்கும் அக்காவாய் அமைந்த, இன்று பணி ஓய்வு பெறும் பரிசோதனைப் பிரிவின் பொறுப்பாளர் திருமதி வனஜா அம்மையார் அவர்களே!

மர்பி டவுனில் விடியுமுன் அடுப்பை அணைத்து, அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போய்ப் பார்த்து, பூட்டை இழுத்துப் பார்த்து, இழுத்துப் பார்த்தது இன்றைக்கா நேற்றைக்கா என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்து, பக்கத்து வீட்டு டோரீன் அம்மாவுக்கு ஒரு போனையும் போட்டுவிட்டு, ஒருவழியாய்ச் சந்தாபுராவில் நம் பட்டறைக்கு வந்து இறங்குவீர்கள். அன்றாடக் கவலையில் பாதியை வழியில் செலவழித்து, மீதிப் பாதியை எங்கள் கண்ணாடிகளுக்கென்று பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்த்தீர்கள். முப்பத்தொரு ஆண்டுகள் அப்படிக் கொண்டுவந்தீர்கள். நாளை முதல் அது வராது என்பதை நினைக்கும்போது, நெஞ்சம் நெகிழ்கிறது என்று எழுதுவதுதான் முறை. எங்களுக்கு நெஞ்சம் நெகிழவில்லை அம்மா, நடுங்குகிறது.

நட்சத்திரம் பார்க்கும் தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்ப்பது நம் பட்டறையின் தொழில். தேய்ப்பவர் கைக்கு அளவு தெரியாது. வாங்குபவர் கண்ணுக்கு மேடு தெரியாது. இந்த இருவருக்கும் நடுவே, இருட்டறையில், ஒரு சின்ன விளக்குக்கும் ஒரு கத்திமுனைக்கும் பின்னால் நீங்கள் அமர்ந்திருந்தீர்கள். இங்கே ஒரு நானோமீட்டர் என்றால் நிலாவில் எவ்வளவு, நிலாவில் ஒரு கிலோமீட்டர் என்றால் இங்கே தேய்க்கும் முனிராஜின் கைக்கு எத்தனை இழுப்பு என்று, மண்ணுக்கும் விண்ணுக்கும் மாறி மாறிக் கணக்குச் சொன்னீர்கள். மேலே போன கணக்கைப் போன வழியே கீழே இறக்கிப் பார்ப்பீர்கள். புறப்பட்ட எண்ணுக்கே வந்து சேராவிட்டால் அது கணக்கே இல்லை என்று அழித்துவிட்டு மறுபடி தொடங்குவீர்கள். பூஜ்யம் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் உங்களுக்குச் சோறு இறங்காது.

பெருமைகளை வரிசையாய் அடுக்கினால் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு புடவைத் தலைப்பைத் திருகுவீர்கள். ஆகையால் ஒன்றே ஒன்றைச் சொல்கிறோம். அதையும் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாயிருப்பதால், கொஞ்ச நேரம் உங்களை 'அவர்' என்று தள்ளி உட்காரவைத்துவிட்டு, வந்திருக்கும் உறவினருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்கிறோம். மக்களே, கேளுங்கள். கண்ணாடி உடையவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். யாரும் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டிய அளவுக்கு அன்று அவர் ஒருவரே பயந்துவிட்டார்.

ஒரு கல்லூரி வானாய்வகத்துக்காக, ஆள் ஒருவர் இரு கையாலும் அணைத்துத் தூக்கும் அளவுக்கு ஒரு பெரிய குழிவுக் கண்ணாடி. மெருகு போடும் முனிராஜ் மாதக்கணக்கில் அதைத் தேய்த்தார். அதற்கு முன் தேய்த்த பெரிய கண்ணாடி ஒன்று ஓரம் சரிந்து திரும்பி வந்திருந்தது. 'இதுவும் திரும்பி வந்தால் பெரிய கண்ணாடி வேலையையே நிறுத்திவிடுகிறேன், சின்னது மட்டும் மிஷினில் போடலாம்' என்று முதலாளி பத்ரிநாத் சொல்லிவிட்டார். சின்னதற்கு மிஷின் போதும், முனிராஜ் வேண்டாம். இது வனஜாவுக்கும் தெரியும், முனிராஜுக்கும் தெரியும்.

புதன்கிழமை. கடைசிச் சோதனை முடிந்ததும் கண்ணாடி வண்டியேறி, ஊரின் மறுகோடியிலிருக்கும் பீன்யாவுக்குப் போய், அங்கே அலுமினியப் பூச்சு ஏற வேண்டும். பூச்சுக்கூடத்தில் அன்று மாலை மட்டுமே இடம். தவறினால் அடுத்த இடத்துக்கு மழைக்காலம் முடியக் காத்திருக்க வேண்டும். டிரைவர் ஜெயராஜ் வண்டியை வாசலில் நிறுத்தி, "சில்க் போர்டு சிக்னல் ஜாம் ஆகுறதுக்குள்ள விட்டுருங்கப்பா, அப்புறம் வானத்து வழியாத்தான் போகணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வனஜா இருட்டறைக்குள் போய்க் கத்திமுனைக்குப் பின்னால் கண்ணை வைத்தார். மக்களே, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் விளக்கொளியைக் கத்திமுனையால் மறித்துப் பார்க்கும் சோதனை இது. நல்ல கண்ணாடியை அப்படிப் பார்த்தால் முழுமுகமும் ஒரே சீராய்ச் சாம்பல் பூத்து மங்கும். மேடு பள்ளம் இருந்தால் அங்கே நிழல் விழும். முந்தின நாள் சீராய் இருந்த கண்ணாடியின் கீழ் ஓரத்தில், பெருவிரல் அகலத்துக்கு, அன்று ஒரு மேடு எழுந்து நின்றது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். மேடு அங்கேயே இருந்தது.

வெளியே வந்து சொன்னதும் முனிராஜ் முகம் வெளுத்துவிட்டது. "எவ்ளோக்கா?"

"நூறு நானோமீட்டர் இருக்கும்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கக்கா."

"தலைமுடி ஒண்ணை எடுத்து, அதோட கனத்தை எண்ணூறு ஏடா உரிச்சா, அதுல ஒரு ஏடு."

பத்ரிநாத் சிரித்தேவிட்டார். "ஒரு முடியில எண்ணூத்துல ஒரு பங்கு! அதுக்கா மேடம் வண்டியை நிறுத்தி வச்சிருக்கீங்க? ஏத்துங்க."

வனஜா சாக்பீஸை எடுத்துக் கதவில் எழுதத் தொடங்கினார். அவசரத்தில் பூஜ்யமெல்லாம் முட்டை மாதிரி நீண்டன. மேட்டின் சரிவு இரண்டு சென்டிமீட்டர் நீளம். அது இரண்டு கோடி நானோமீட்டர். அதில் நூறு உயர்ந்தால் சாய்வு இரண்டு லட்சத்தில் ஒன்று. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி அதைப்போல் இரண்டு மடங்கு விலகும். ஆக, லட்சத்தில் ஒன்று.

"லட்சத்துல ஒண்ணு ஸார். நிலா நாலு லட்சம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அங்க போய்ச் சேரும்போது இந்த ஏடு நாலு கிலோமீட்டர் ஆயிடும். நம்ம சர்க்கிள்ல இருந்து ஹெப்பகோடி வரைக்கும். அதுக்குள்ள இருக்கிற ஒரு குழியையும் பிரிச்சுப் பார்க்க முடியாம மசமசன்னு தெரியும். அவங்க பார்க்கப்போறது நிலாவை இல்ல, நட்சத்திரத்தை. ஒளி ஒரு வருஷத்துல ஓடுற தூரம் ஒம்பதரை லட்சம் கோடி கிலோமீட்டர். அதுல லட்சத்துல ஒண்ணுன்னா ஒம்பதரைக் கோடி. சூரியனுக்குப் போற வழியில பாதிக்கும் மேல. இங்க முடியில ஒரு ஏடு, அங்க அவ்ளோ."

சொல்லி முடித்துவிட்டுத் திரும்ப ஒன்பதரைக் கோடியிலிருந்து கீழே இறங்கினார். நூறு நானோமீட்டரில் வந்து நின்றது கணக்கு. ஒருநாளாவது தப்பாய் வந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு அவருக்கே தோன்றியதாம்.

பத்ரிநாத் சிரிப்பை நிறுத்தினார். படித்தவர்தான், கண்ணாடி வியாபாரம் அறிந்தவர்தான். அவருக்கும் கோடி தெரியும். "அப்போ தேச்சு எடுத்துருங்க. முனிராஜ், எவ்ளோ நேரம்?"

"மெருகு போடற சின்ன பிட்ச் தட்டு வச்சுக் கொஞ்சம் கை ஓட்டினா போயிரும் ஸார்." முனிராஜ் ஏற்கெனவே தட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

அந்த இடத்தில்தான் வனஜா கதவை மறித்து நின்றார். ஏன் நின்றோம் என்று அவருக்கே அந்த நொடியில் தெரியாது. நேற்று இல்லாத மேடு இன்று எப்படி வந்தது என்கிற ஒரு கேள்வி மட்டும் உள்ளே குடைந்தது. கண்ணாடி தானாக வளராது.

"காலையில யாரு என்ன பண்ணீங்க இதை?"

அன்று பேக்கிங் பார்த்துக்கொண்டிருந்த சுனிதா, "யாரும் ஒண்ணும் பண்ணலக்கா" என்றார். பிறகு, "பூஜைதான் பண்ணோம்" என்றார்.

நம் பட்டறை வழக்கம் எல்லாருக்கும் தெரியும். எந்தக் கண்ணாடியும் வாசலைத் தாண்டுமுன் பின்பக்கம் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டித்தான் அனுப்புவோம். ஆனால் சோதனை முடிந்த பிறகுதான் பூஜை.

"டெஸ்ட்டுக்கு அப்புறம் தானே பூஜை?"

"பன்னெண்டு மணிக்கு ராகுகாலம், அதுக்குள்ள முடிச்சிருன்னு ஸாரு சொன்னாரு. கற்பூரத் தட்டை வைக்க வேற இடமில்ல, ஸ்டாண்டுலயே வச்சிட்டேன். கண்ணாடிக்குக் கீழ."

முனிராஜ் தன் கையிலிருந்த பிட்ச் தட்டைப் பார்த்தார். பத்ரிநாத் கூரையைப் பார்த்தார்.

சூடு பட்ட கண்ணாடி அந்த இடத்தில் உப்பும், மக்களே. உப்பலை மேடு என்று நம்பித் தேய்த்துவிட்டால், ஆறிய பிறகு அங்கே பள்ளம் கிடக்கும். பள்ளத்தை நிரப்ப முடியாது. சுற்றிலும் உள்ளதையெல்லாம் மறுபடி தேய்த்து இறக்க வேண்டும். மாதங்கள் போகும். முனிராஜும் போவார்.

"அப்போ சூடுதானே? ஏத்திரலாமே" என்றார் பத்ரிநாத்.

"சூடா இருக்கலாம் ஸார். நிஜ மேடாவும் இருக்கலாம். பாதி சூடு, பாதி மேடாவும் இருக்கலாம். எனக்கு உறுதியாத் தெரியல. அதனாலதான் பொறுக்கச் சொல்றேன்."

காத்திருந்தார்கள். எல்லாரும் இருட்டறைக்குள்ளேயே நின்றுகொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. வெகுநேரம் கழித்து வனஜா பார்த்தபோது மேடு அப்படியேதான் இருந்தது. முனிராஜ், "நிஜமாத்தான் இருக்குக்கா. விடுங்க, தேய்க்கிறேன்" என்றார். குரலில் உயிர் இல்லை. வெளியே ஜெயராஜ் ஹாரன் அடித்தார். பத்ரிநாத் போனை எடுத்துப் பீன்யாவுக்கு, "பூச்சுக்கூடத்துல கொஞ்சம் வெயிட் பண்ணச் சொல்லுங்க, ப்ளீஸ்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

தான் தப்பாய் நிறுத்திவிட்டோமோ என்று வனஜா தன்னையே கேட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற முனிராஜின் தோள், வெயிலில் நின்ற சுவர்போல் அனல் அடித்தது. அப்போதுதான் உறைத்தது. ஐந்து அடி தூரத்தில் நான்கு உடம்புகள். அடுப்பு வைத்தது போலத்தான்.

"எல்லாரும் வெளிய போங்க. நானும் வரேன்."

கதவைச் சாத்தி, வெளியே பெஞ்சில் வரிசையாய் உட்கார்ந்தார்கள். யாரும் டீ வேண்டும் என்று சொல்லவில்லை. சுனிதா அழுதார். வனஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதடி, கற்பூரம் காட்டுறது தப்பில்ல. நேரம்தான் தப்பு" என்றார். "ராகுகாலம் பார்த்ததுதான் தப்பாப் போச்சு" என்று ஜெயராஜ் சொல்ல, பத்ரிநாத் அவரை முறைத்துவிட்டு, பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார்.

வெயில் வாசற்படி இறங்கிய பிறகு வனஜா எழுந்தார். எழுந்தவர் உள்ளே போகாமல், "முனிராஜ், நீ போய்ப் பாரு" என்றார்.

தேய்த்தவர் தன் கண்ணாடியைத் தானே சோதிக்கக் கூடாது என்பது நம் பட்டறையின் கட்டுப்பாடு. ஆசை கண்ணை மறைத்துவிடும். அந்தக் கட்டுப்பாட்டை விதித்தவரே வனஜாதான். ஆனால் அன்று தன் கண்ணையும் அவரால் நம்ப முடியவில்லை. அவர் கண்ணிலும் ஆசை வந்துவிட்டிருந்தது.

முனிராஜ் தனியாய் உள்ளே போனார். மூச்சுக்காற்றுகூடப் படாமல் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு குனிந்தார். நேரம் போனது. வெளியே வந்தவர் முகத்தில் அழுகையா பயமா என்று சொல்ல முடியவில்லை.

"அக்கா, ஒண்ணுமே தெரியலக்கா. எல்லாம் சாம்பலா இருக்கு. எனக்குப் பார்க்கத் தெரியல போல."

வனஜா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, "அதான்டா தெரியணும்" என்றார்.

பிறகு தானும் போய்ப் பார்த்தார். அவராவது பார்க்காமல் விடுவதாவது. பார்த்துவிட்டு வந்து, 'போகலாம்' என்று தலையசைத்தார். வண்டி போயிற்று. பீன்யாவிலும் காத்திருந்து பூச்சு ஏற்றினார்கள். கண்ணாடி திரும்பி வரவில்லை. பெரிய கண்ணாடிப் பிரிவு இன்றும் நடக்கிறது. இந்த மடலைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் மூக்கை உறிஞ்சுபவர் முனிராஜ்தான்.

இனி உங்களை மறுபடி 'நீங்கள்' என்று அழைக்கிறோம், அம்மா. அறிந்ததைச் சொல்பவர் பலர். அறியாததை அஞ்சாமல் 'அறியேன்' என்று சொல்லி, அதன்பொருட்டு ஒரு வண்டியையும் ஒரு முதலாளியையும் ஒரு மாலைப்பொழுதையும் நிறுத்திவைப்பவர் அரியர். அந்த அருமையை அருகிருந்து கண்டவர்கள் நாங்கள். நாளை காலை கத்திமுனைக்குப் பின்னால் உட்காரப் போவது உங்களிடம் சோதனை கற்ற சுனிதா. அவருக்கு நேற்றிலிருந்தே கலக்கம். சரியாய்ச் சாப்பிடவில்லை, எழுதிய பூஜ்யங்களைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறார். பார்த்துப் பார்த்து எங்களுக்கும் கலக்கம் தொற்றிவிட்டது. நீங்கள் விட்டுச் செல்லும் செல்வம் இதுவே என்று நாங்கள் தெளிந்தோம்.

நோய் உங்களை நானோமீட்டர் அளவும் நெருங்காதிருக்கட்டும். நடக்க நினைத்த தூரமெல்லாம் உங்கள் கால்களுக்கு எட்டட்டும். பேரப்பிள்ளைகள் சூழ, பார்வை மங்காமல், பல்லாண்டு நீங்கள் நிறைந்திருக்க வேண்டுமென்று நெஞ்சார வேண்டுகிறோம். நாளைக் காலை நேரம் கழித்து எழுந்திருங்கள், அக்கா. இங்கே கவலைப்பட ஆள் இருக்கிறது.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
முனிராஜ், சுனிதா, ஜெயராஜ், பத்ரிநாத்
மற்றும் சந்தாபுரா கண்ணாடிப் பட்டறைப் பணியாளர்கள் அனைவரும்