பின்னால் வந்த குரல்

– என் பெட்டி முப்பத்தாறு கிலோ. உங்களது எவ்வளவு அண்ணி?

– முப்பத்திநாலு. அந்த மாவுப் பையைத் தூக்கி இந்தப் பக்கம் போடு, அலெக்.

– ரெண்டே ரெண்டு கிலோ! குதிரைக்கு என்ன தெரியப் போகுது?

– உனக்குத்தான் தெரியாது. ரெண்டு பக்கமும் ஒரே எடை இல்லன்னா, ரெண்டாவது ஆறு தாண்டுறதுக்குள்ள அது முதுகு புண்ணாயிடும். போடு.

– சரி, போட்டாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல விமானம் வந்துடும். பெர்கர் இறங்கினதும் "வெஸ் எங்க?"ன்னுதான் கேப்பாரு. என்ன சொல்லுவீங்க?

– "என் புருஷனுக்கு முழங்கால் வலி. இந்த வருஷம் அவரு இங்க இருந்து சமைக்கிறாரு, நான் உங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லுவேன்.

– அவரைப் பொறுத்தவரை ஃப்ரீடாங்கிற நீங்க காபி ஊத்துற பொம்பளை. அஞ்சு வருஷமா அண்ணனை நம்பித்தான் ஜெர்மனியிலிருந்து வேட்டைக்கு வர்றாரு. அதே விமானத்துல ஏறித் திரும்பிட்டார்னா? அவரு சொல்லி வர்றவங்கதான் மத்த மூணு பேரும். நீங்க வழிகாட்டி லைசென்ஸ் வாங்கின முதல் வருஷமே கடையைச் சாத்த வேண்டியதுதான்.

– அதெல்லாம் எனக்கும் தெரியும். காபித்தூளை எண்ணெய்த் துணியில சுத்தி வை.

– உங்களைக் குறை சொல்லல அண்ணி. ஆனா அண்ணன் மூஸ் மானைக் கூப்பிடுற மாதிரி யாரு கூப்பிட முடியும்? அடேயப்பா! போன வருஷம் பெர்கர் புல்வெளி ஓரத்துல உக்காந்திருக்காரு. பின்னாடி ஐம்பதடி தள்ளி, புதருக்குள்ள அண்ணன். அந்த மூஸ் தோள்பட்டை எலும்பால கிளையில வரட்டு வரட்டுன்னு ரெண்டு தேய்ப்பு. அப்புறம் சத்தமே இல்ல. நான் ஓடைப் பக்கம் குதிரைங்களைப் பிடிச்சிட்டு நிக்கிறேன், எனக்கே நிஜமா ஒரு ஆண் மூஸ் மரத்துல கொம்பு உரசுதுன்னு தோணுச்சு. எதிர்க் காட்டுலேருந்து ஒருத்தன் உறுமிக்கிட்டு வந்தான் பாருங்க...

– ம்.

– எப்ப நிறுத்தணும்னு தெரியுதே, அதுதான் வித்தை. அந்தக் கை யாருக்கும் வராது அண்ணி, சத்தியமா. இந்தத் தடவையும் பெருசா ஒண்ணை அடிச்சுக் கொண்டாந்து...

– வாயை அடக்கு! போறதுக்கு முன்னாடி பெருமை பேசுவாங்களா? மூஸுங்க காதுல விழும். பெறகு ஒண்ணும் எதிர்ல வராது.

– ஐயோ, தப்புதான். மன்னிச்சுக்கோங்க.

– அந்த எலும்பை எடுத்து வை.

– அது... அப்புறம் வைக்கிறேன்.

– இப்ப வை.

– அண்ணி, ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க.

– நம்ம நாய் பட்டன் கடிச்சிடுச்சு. அதானே?

– உங்களுக்கு எப்படி...

– செவ்வாய்க்கிழமை ரொட்டிப் பெட்டிக்கு அடியில ஒளிச்சு வச்சியே, அன்னிக்கே பாத்தேன். ஓரமெல்லாம் நாய்ப் பல்லு.

– வெளியில வச்சுட்டு சேணம் தைக்கப் போயிட்டேன். மூஸுக்கு அவமரியாதைன்னு தெரிஞ்சும் அது எலும்பை நாய் வாயில விட்டவன் நம்ம ஆளுங்கள்ல எவனாவது இருக்கானா? அதுவும் அண்ணனோட எலும்பு! மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல.

– அதை நாய்க்கு எட்டாத உயரத்துல மரத்துல கட்டிட்டு, அந்த மூஸ்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கோ. என் படுக்கைச் சுருளைப் பிரி. உள்ள கம்பளித் துணியில ஒண்ணு இருக்கு.

– இது என்ன... இன்னொரு எலும்பா? அண்ணி, இது தேஞ்சு கறுத்துப் போயிருக்கே. கைப்பிடி வேற சின்னதா இருக்கு. எனக்குப் பிடிக்க மாட்டேங்குது.

– இப்படிக் குடு.

– உங்க கைக்குச் சரியா உக்காருதே!

– உக்காராம? அஞ்சு வருஷமா பெர்கருக்காகக் கூப்பிட்டது இதுதான்.

– அப்போ புதருக்குள்ள...

– ரெண்டு பேரும் இருப்போம். தேய்க்கிறது நான். காத்து, தடம், எங்க உக்காரணும், எப்ப சுடணும், எல்லாம் உங்கண்ணன். எதிர்ல உறுமல் கேட்டா நான் அவரு தோளைத் தொடுவேன்.

– தண்ணி எடுக்கப் போறேன்னு கிளம்புவீங்களே, அதுக்குத்தானா? ஆண்டவனே! இத்தனை வருஷமா யாரோட கையை நான் புகழ்ந்துட்டிருந்தேன்?

– அதை விடு. ஒண்ணு கேக்கணும். நீயும் உங்கண்ணனும் ஏன் பேசிக்கிறதில்ல?

– நான் பேசாம இல்ல. போன வருஷம் என் முடிச்சு அவுந்து, பொதியோட ஜிஞ்சர் ஆத்துல போச்சுல்ல? அவரு கையால வளத்த குதிரை. திரும்பி வர்றப்ப மூணு தடவை சொன்னேன், "என் தப்புதான்ணே, என்னை மன்னிச்சுடுண்ணே"ன்னு. ஒரு வார்த்தை பேசல. திரும்பிக்கூடப் பாக்கல. எனக்கும் ரோஷம் இருக்கு அண்ணி.

– எங்கேருந்து சொன்னே?

– அவரு முன்னாடி குதிரையில போனாரு. நான் பின்னாடி... அண்ணி, சத்தம் கேக்குது. விமானம் வந்துடுச்சு!

– ஏரியை ஒரு சுத்து சுத்திட்டுத்தான் இறங்கும். கீழ பாரு, உங்கண்ணனை.

– ரஸ்டிக்கு லாடம் அடிச்சிட்டிருக்காரு.

– நல்லா பாரு.

– பட்டன் குரைக்குது. விமானம் அவரு தலைக்கு நேர் மேல போகுது... என்ன அண்ணி, அவரு குனிஞ்சபடியே இருக்காரு? இப்பத்தான்... ரஸ்டியைப் பாத்துட்டு இப்பத்தான் நிமிர்றாரு.

– ரஸ்டியோட காது திரும்பினதைப் பாத்திருப்பாரு. எத்தனையோ வருஷத்துத் துப்பாக்கிச் சத்தத்துல அவரு காது போயிடுச்சு. எதிர்ல நின்னு பேசினா உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவாரு.

– முழங்கால் வலின்னீங்க...

– முழங்காலுக்கு ஒண்ணுமில்ல. போன வருஷம் ஒரு கரடி பின்னாடி வந்து நின்னுச்சு. நான் பிடிச்சு இழுக்கிற வரைக்கும் அவருக்குத் தெரியல. "என்னை நம்பி வர்றவன் உயிரை வச்சு விளையாட மாட்டேன். எலும்பு உன் கையில இருக்கு, நீ போ"ன்னுட்டாரு. அப்படி ஒரு மனுஷன்.

– இவரைப் போயி நான் திமிரு பிடிச்சவருன்னு... பெர்கர் இறங்குறாரே, அவருகிட்ட என்ன சொல்றது?

– காதைப் பத்தி எதுவும் சொல்ல வேண்டாம். அவரை உக்கார வச்சு, அவரு கண்ணு முன்னாடியே மூஸைக் கூப்பிட்டுக் காட்டுறேன். பெறகு திரும்பிப் போறதுன்னா போகட்டும். நீ கீழ ஓடு.

– அண்ணே! வெஸ் அண்ணே!

– கத்தாதே அலெக். பக்கத்துல போயி தோளைத் தொடு. முகத்துக்கு நேரா நின்னு, அந்த மன்னிப்பை இன்னொரு தடவை கேளு.