வெளிநாட்டுக்கு மட்டும்

– ஏறிருச்சு பாத்தியா. காலையில இருந்ததுக்கு ஒண்ணரை கூட.

– எது?

– டாலர்தான். வேற எது ஏறப்போகுது இந்த வீட்டுல.

– ஐயோ, ஏறிருச்சா?

– எதுக்கு ஐயோங்கற? புருஷன் டாலர்ல விக்கிறான். ஏறினா சந்தோஷப்படணும்.

– நீங்க விக்கிறீங்க, சரி. நான் வாங்குறேனே.

– டாலர்லயா? என்னத்த?

– தம்பிகிட்ட ஒரு சாமான் சொல்லியிருக்கேன். அவன் அங்க வெளிநாட்டுல இருந்தே அவன் கார்டுல எடுப்பான், நான் நம்ம காசை அவன் கணக்குல கட்டணும். வந்ததும் பாருங்க, இப்போ கேக்காதீங்க.

– அக்காளும் தம்பியும் சேந்தாலே எனக்கு வேட்டுதான். எவ்வளவு?

– மூணு மாசம் ஜாக்கெட் தச்ச காசு. டாலர் அரை ஏறினாலும் இன்னும் ரெண்டு ஜாக்கெட் தைக்கணும். ஏங்க, கொஞ்சம் உக்காருங்களேன். நீங்க குறுக்கும் நெடுக்கும் நடக்குறதுல எனக்கு ஊசியில நூலே ஏறல.

– எப்படி உக்கார்றது? மூணு மணிக்கு நெட்ல ஏலம் முடியுது. இன்னும் பதினோரு நிமிஷம். ரெண்டு பேர் மல்லுக்கட்டுறாங்க. கணக்குப் பாரு, இப்படியே போனா வெல்டிங் மெஷினுக்கு முன்பணம் வந்துரும். மாசாமாசம் வாடகைக்கு எடுத்து மாரடிக்க வேண்டாம்.

– அப்படி என்னதான் விக்கிறீங்க?

– பட்டறையில கிடந்த பழைய தகரம். இரும்பு மூட்டையோட வந்திருக்கும். படம் எடுத்துப் போட்டேன், பிச்சுக்கிட்டுப் போகுது.

– இங்கேயே யாருக்காவது குடுத்தா என்ன?

– உள்ளூர்க்காரன் நூறு கேள்வி கேட்டுட்டு பாதி விலைக்குக் கேப்பான். அதான் வெளிநாட்டுக்கு மட்டும்னு போட்டுட்டேன். டாலர்னா டாலர்.

– என் வயித்தெரிச்சலே அதுதாங்க. நான் கேட்டதை விக்கிறவனும் அப்படித்தான் போட்டிருக்கானாம். எவனோ டாலர் பைத்தியம். இல்லைன்னா நானே வாங்கியிருப்பேன், தம்பி தலையில கட்டியிருக்க மாட்டேன்.

– கெட்டிக்காரன் அவன்.

– இருங்க, தம்பிதான் கூப்பிடுறான். சொல்லுடா… எவ்வளவு?… போடு. விடாத, நான் எப்படியாவது தந்துர்றேன்.

– என்னவாம்?

– எவனோ போட்டிக்கு ஏத்துறானாம்.

– இங்கேயும் ஏறுது. நூத்தி எண்பது. கணக்குப் பாரு, கணக்குப் பாரு!

– நான் இங்க தவிச்சுக்கிட்டிருக்கேன், உங்களுக்குக் கணக்கா?

– அவ்வளவு முக்கியமா அது?

– அப்பா வாங்கிக் குடுத்ததுன்னு ஒண்ணுகூட என் கையில இல்லீங்க. அவர் வாங்கிக் குடுத்தது மாதிரியே ஒண்ணோட படத்தைத் தம்பி நெட்ல பாத்துட்டுச் சொன்னான். அதுலேருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கல.

– அட, இதை முதல்லயே சொல்லக்கூடாதா. வாங்கிக்கோ. நம்ம டாலர் வந்து உன் டாலரை அடைச்சிரும். மெஷின் அடுத்த மாசம் பாத்துக்கலாம்.

– நிஜமாவா?

– நிஜமா. இரு, முடியப் போகுது… முடிஞ்சுது! இருநூத்திப் பன்னெண்டு!

– தம்பியும் அனுப்பிட்டான். கிடைச்சிருச்சாம். இருநூத்திப்… பன்னெண்டாம்.

– உனக்கும் அதேவா? நல்ல பொருத்தம்தான். சரி, அட்ரஸ் வர்றதுக்குள்ள கட்டி வச்சிரலாம். கொஞ்சம் பஞ்சு குடு, டிரைவர் தலை உதிர்ந்துரக் கூடாது.

– எந்த டிரைவர்?

– இந்தத் தகர பொம்மை பஸ்ல உக்காந்திருக்கறவன். சொந்தத் தலை போயிருச்சு. யாரோ சட்டை பட்டனை ஒட்டி வச்சிருக்காங்க.

– கறுப்பு பட்டன். ரெண்டே ஓட்டை.

– ஆமா. நீ எப்போ பாத்த?

– ஏழு வயசுல. அப்பா சட்டையில பிச்சு நான்தான் ஒட்டினேன். இந்த வீட்டுக்கு மாறி வந்தப்போ தொலைஞ்சு போச்சுன்னு ரெண்டு நாள் அழுதேனே, ஞாபகம் இருக்கா?

– அன்னிக்கு என் டூல்ஸ் பெட்டியோட பட்டறைக்குப் போயிருக்கு… அப்போ நம்ம காசுதான் டாலராகி அங்க போய், திரும்ப நம்மகிட்டயே வருதா? போக வர பேங்க்காரன் வேற பிடிப்பானே. சைட்டுக்காரன் கமிஷன் வேற. கணக்குப் பாத்தா…

– கணக்கும் வேண்டாம், அட்ரஸும் வேண்டாங்க. அந்தப் பஸ்ஸை இப்படிக் குடுங்க.