தேங்காய்க்கு அடியில்

பூஜைப் பை விஷயத்தில் முதல் தப்பு என்னுடையதுதான். அதை மறைப்பதற்கில்லை, கோயிலில் அன்று இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அமைச்சரின் மனைவி கொண்டுவந்த மஞ்சள் பையும் எங்கள் மஞ்சள் பையும் ஒரே புடவைக் கடையில் கொடுத்தவை. வாசலில் நின்றிருந்த நான் ஒன்றுக்கு இன்னொன்றை உள்ளே அனுப்பிவிட்டேன். அர்ச்சகர் சந்நிதிப் படியில் நின்று பைக்குள் கைவிட்டார். வெற்றிலையை எடுத்தார், சாமந்தியை எடுத்தார், அதன்பின் ஒரு முப்பத்தெட்டு ரிவால்வரை எடுத்தார். மனிதர் அலறவில்லை. தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் அதை மரியாதையாக வைத்துவிட்டு, "இது யார் பேருக்கு?" என்று தெலுங்கில் கேட்டார்.

அமைச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எங்கள் டி.எஸ்.பி. சிரிக்கவில்லை.

சார், எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுது என்று நீங்கள் சொன்னீர்கள். மேலதிகாரிக்கு இங்கிலீஷ், சண்டைக்குத் தெலுங்கு, கிண்டலுக்குத் தக்கனி உருது என்று வைத்துப் பிழைத்தவன் நான். தமிழ் வீட்டில் மட்டும்தான். அதில் பொய் சொல்லிப் பழக்கம் குறைவு. இன்ஸ்பெக்டர் லக்ஷ்மிநாராயணன் என்ற தமிழ்ப் பெயரைப் பார்த்துத்தான் உங்கள் மேஜையைத் தேடி வந்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நான் கிதியோன், ஹெட் கான்ஸ்டபிள். பட்டாளத்தோடு செகந்திராபாத் வந்து இங்கேயே தங்கிவிட்ட திருநெல்வேலிக் குடும்பம். அமைச்சருக்கு மஃப்டியில் காவல் போகிற இரண்டு பேரில் ஒருவன். மஃப்டி என்றால் சஃபாரி. மே மாத ஹைதராபாத்தில் சஃபாரியைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் புடைத்துக்கொண்டு ஒருவன் நின்றால் அவன் யார் என்று ஊருக்கே தெரியும். ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை விற்கிறவன் எனக்கு சல்யூட் அடித்துவிட்டுத்தான் பொட்டலம் மடிப்பான்.

இன்னொருவன் ஜகதீசன். சனத்நகரில் வளர்ந்தவன், என்னைவிட இளையவன். அவன் என்னை "பாதர்" என்பான், நான் அவனை "சாமி" என்பேன்.

கோயில்தான் எங்களுக்குத் தலைவலி. அமைச்சர் பக்திமான். தன்னோடு சந்நிதிவரை வருகிறவன் வேட்டியும் மேல்துண்டுமாக வர வேண்டும், உடம்பில் தோல் சாமான் இருக்கக் கூடாது என்பார். வெறும் மார்பில் ரிவால்வரை எங்கே ஒளிப்பது? ஜகதீசன்தான் வழி கண்டுபிடித்தான். ரிவால்வரைச் சின்னத் துண்டில் சுற்றிப் பூஜைப் பையின் அடியில் வைத்து, மேலே பூவும் வெற்றிலையும், பக்கத்தில் தேங்காய். அவன் காரில் வேட்டிக்கு மாறும்போது நான் பையைக் கட்டுவேன். அவனுடைய பெல்ட்டையும் தோல் உறையையும் வாங்கிக்கொண்டு வாசலில் நிற்பேன். கிறிஸ்தவ வேதக்காரனுக்கு அந்த இடம் வசதி, யாருக்கும் வருத்தமில்லை.

அந்த அர்ச்சனைக்குப் பிறகு டி.எஸ்.பி. என்னைக் கூப்பிட்டார். அதிலாபாத் காட்டுப் பக்க நிலையங்களுக்கு ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஓர் ஆள் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. "நம்ம பிரிவுல யாரை அனுப்பறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். நீ சுலபமாக்கிட்டே," என்றார். அந்த நிலையங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். போனவர்களில் சிலர் கண்ணிவெடியில் சிக்கிப் பெட்டியில் திரும்பினார்கள்.

என் பயம் அது இல்லை. என் பயம் யூனிஸ்.

யூனிஸ் என் மனைவி. அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். எங்கள் குடியிருப்பில் வீடு மாடியில். படியேறினால் உதடு நீலமாகிவிடும் என்பதால் நான்தான் தூக்கிக்கொண்டு ஏறுவேன். "லிஃப்ட் வந்தாச்சு, கையைக் காலை உள்ளே வைங்க," என்பேன். அவள் மூச்சு வாங்கியபடியே, "இந்த லிஃப்ட் பீடி நாத்தம் அடிக்கே," என்பாள். நான் அதிலாபாத் போனால் அவளை யார் தூக்குவார்கள்? இது நியாயமான கேள்விதானே, சார்?

டி.எஸ்.பி.யிடம் இதைச் சொன்னேன். "எல்லாருக்கும் வீட்ல ஒரு கஷ்டம் இருக்கு கிதியோன்," என்றார். அமைச்சரிடம் சொல்லலாம் என்று போனேன். அவர் என்னைப் பார்த்ததும், "யார் பேருக்கு?" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கிறவரிடம் அழ முடியவில்லை, கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆயுள் முழுக்க நான் செய்த வேலை அது.

ஜகதீசன் மட்டும், "மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க பாதர், நக்கோ, வேணாம். நான் பேசறேன்," என்றான். பேசவும் பேசினான். பை மாறியதில் தனக்கும் பங்கு உண்டு என்று டி.எஸ்.பி.யிடம் பொய் சொன்னான். அவர் நம்பவில்லை. நம்பியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். வெளியே வந்து என்னிடம், "இனிமேலும் பையை நீங்கதான் கட்டணும். வேற ஆள் கையால நான் வாங்க மாட்டேன். சரிதானே?" என்றான்.

"ஹவ், ஆமாம்," என்றேன்.

அங்கேதான் எனக்கு யோசனை வந்தது. இரண்டு பேரில் ஒருவன் போக வேண்டும். தப்பு செய்தவன் போக வேண்டும். ஜகதீசனும் ஒரு தப்பு செய்துவிட்டால், அது என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் இருந்துவிட்டால், டி.எஸ்.பி. மறுபடி யோசிப்பார். ஜகதீசன் திடகாத்திரமானவன். அவன் மனைவி கல்பகமும் திடகாத்திரம்தான், குழந்தைக்கு ஒரு சளிகூடப் பிடித்ததில்லை. நோயில்லாத குடும்பத்துக்கு அதிலாபாத் என்பது ஓர் ஊர், அவ்வளவுதான். இதை நான் பலமுறை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். கணக்கு எப்படிப் போட்டாலும் சரியாகவே வந்தது.

அடுத்த வாரம் உப்பலுக்கு அப்பால் குன்றின்மேல் இருக்கும் ஆஞ்சநேயர் கோயிலுக்கு அமைச்சர் போனார். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். ஜகதீசன் காருக்குள் வேட்டி கட்டிக்கொண்டிருந்தான். நான் டிக்கியில் இருந்த ஸ்பேனரை எடுத்து, துண்டில் சுற்றி, பையின் அடியில் வைத்தேன். கனம் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே பூவைப் பரப்பினேன். அவனுடைய ரிவால்வரை அவன் உறையிலேயே போட்டு என் சஃபாரிக்குள் மாட்டிக்கொண்டேன்.

பையைக் கொடுத்தபோது அவன் பிரித்துப் பார்க்கவில்லை. நான் கட்டிய பை அல்லவா.

என் திட்டம் சின்னதுதான். அவன் உள்ளே போனதும் நான் கார் வயர்லெஸ்ஸில் டி.எஸ்.பி.யைக் கூப்பிட்டு, ஜகதீசன் ஆயுதத்தை டிக்கியிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டான், என்ன செய்யட்டும் என்று பதறிக் கேட்க வேண்டும். அவன் பூஜை முடிந்து வந்து துண்டைப் பிரித்து, ஸ்பேனரைப் பார்த்து, என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டி, பிறகு சிரிப்பான். நான் அவனிடம் எத்தனையோ விளையாட்டு காட்டியிருக்கிறேன். டிபன் டப்பாவில் ஒருமுறை தவளை வைத்தேன். இதையும் அப்படித்தான் நினைப்பான் என்று நம்பினேன். நான் டி.எஸ்.பி.யிடம் சொன்னது அவனுக்குத் தெரியவே வேண்டாம்.

வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவன் என்னைக் கடந்து படியேறினான். அந்த வெயிலில் சால்வை போர்த்தியிருந்தான். வலது கை சால்வைக்குள்ளேயே இருந்தது. எங்களுக்குப் பயிற்சியில் முதல் நாள் சொல்லித் தருவது இதைத்தான்: முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். நான் கையைப் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்பதும் எனக்குப் புரிந்தது.

டி.எஸ்.பி. அந்தப் பக்கம், "சொல்லு, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "சார், ஜகதீசன்..." என்பதுவரை சொல்லியிருந்தேன். இன்னும் ஒரு வாக்கியம்தான் பாக்கி. அதை விட்டுவிட்டு ஓடினால் இவ்வளவு செய்ததும் வீண், அதிலாபாத் எனக்கு. முடித்துவிட்டே ஓடலாம் என்று முடிவு செய்தேன். முடித்தேன். நிதானமாக, அவருக்கு விளங்கும்படி சொன்னேன்.

பிறகு ஓடினேன்.

அவன் அமைச்சரின் சொந்த ஊர்க்காரன், அவரிடம் நிலத்தை இழந்தவன். சால்வைக்குள் வெட்டுக்கத்தி. நான் மண்டபத்துக்குள் போனபோது ஜகதீசன் அமைச்சர்மேல் கவிழ்ந்து கிடந்தான். அமைச்சருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. சுற்றிலும் சாமந்தி. கத்திக்காரனை நான் சுட்டேன். சர்வீஸில் சேர்ந்ததிலிருந்து அட்டைப் பலகையைத் தவிர எதையும் சுட்டிராதவன், ஒரே குண்டில் ஆளை விழுத்தினேன். கையில் இருந்தது ஜகதீசனுடைய ரிவால்வர். அவனுக்குக் கொடுக்கத்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று பிறகு சொன்னேன். எல்லோரும் அதை மெச்சினார்கள்.

அமைச்சரைத் தூக்கிக்கொண்டு கூட்டம் வெளியே ஓடியபின் நான் ஜகதீசன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கையில் ஸ்பேனர் இருந்தது. அதை வைத்துத்தான் தடுத்திருக்கிறான். மூச்சு நின்றிருந்தாலும் விரல்கள் சூடாகவே இருந்தன. ஒவ்வொன்றாக விரிக்க வேண்டியிருந்தது, சுண்டு விரல் மட்டும் விடவில்லை. எடுத்துத் துடைத்து டிக்கியில் போட்டேன். டிரைவருக்குச் சாமான் குறையக் கூடாது பாருங்கள்.

அந்தக் குன்றுக் கோயில் அர்ச்சகர் வாக்குமூலத்தில், அவன் பையிலிருந்து ஏதோ இரும்பை எடுத்தான், அதைப் பார்த்தான், பார்த்துச் சிரித்தான் என்று சொன்னார். கண்ணாடி போடாத கிழவரின் பேச்சு என்று விட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் அது புரிந்தது. கத்தி ஓங்கியவன் எதிரே நிற்க, கிடைத்த அந்த ஒரு நொடியை அவன் என் வேடிக்கைக்குச் சிரிக்கச் செலவு செய்திருக்கிறான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு நல்லதுதான். அதிலாபாத்துக்கு வேறு பிரிவிலிருந்து கூடுதலாக ஒருவனை அனுப்பினார்கள். என் பெயர் மெடலுக்குப் போனது. அமைச்சர் ஒரு போன் செய்தார், யூனிஸுக்கு ஆபரேஷன் முன்னதாகவே நடந்தது. இப்போது தானாகவே படியேறுகிறாள். லிஃப்ட்டுக்கு வேலை போய்விட்டது.

ஜகதீசன் கோப்பில் "கவனக்குறைவு" என்று எழுதினார்கள். ஆயுதத்தை மறந்தவனுக்குக் கருணைத் தொகை கிடையாது, குடியிருப்பும் கிடையாது. கல்பகத்தை நம்மோடு வைத்துக்கொள்ளலாம் என்று யூனிஸ்தான் சொன்னாள். குழந்தையோடு வந்தார். எங்கள் முன்னறையில் ஜகதீசனின் படம் மாட்டினோம். ஆணி அடித்தது நான்.

ஒரு நாள் மத்தியானம் கல்பகம் அரிசி களைந்துகொண்டே கேட்டார்.

"அண்ணா, அவர் காஸ் அடுப்பு மூடியிருக்கான்னு மூணு தடவை பார்க்கிறவர். எப்படி மறந்தார்?"

நான் பேப்பரை அடுத்த பக்கம் திருப்பினேன்.

"அன்னிக்குக் காலையில நான் சண்டை போட்டேன். எங்கம்மா வீட்டுக்குப் போகணும்னு. சாப்பிடாமலே போயிட்டார். அதை நினைச்சிண்டேதான் மறந்திருப்பார், இல்லையா? உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

அன்று அவன் காரில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான் சார். இரண்டு இட்லி வாங்கித் தின்றான், என்னுடைய வடையையும் பிடுங்கித் தின்றான். ஆனால் கல்பகமே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கையில் தரும்போது அதைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

"ஹவ்ம்மா. மனசு சரியில்லைன்னான்," என்றேன்.

கல்பகம் தலையை ஆட்டிவிட்டுக் களைந்த அரிசியை உலையில் போட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டைக் குறைத்தார். முதலில் ஒரு வேளை, பிறகு மோர் மட்டும், பிறகு அதுவும் இல்லை. யூனிஸ் மடியில் போட்டு ஊட்டிப் பார்த்தாள். "சாப்பிடாம அனுப்பினவளுக்கு எதுக்கு அக்கா சோறு?" என்றார். போன வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்து ட்ரிப் ஏற்றினோம். ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. நான் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தை அலமு அம்மாவிடம் தெலுங்கில் ஏதோ கேட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு இளகிய மனசு. அதனால்தான் இங்கே வந்தேன்.

வருவதற்கு முன் சிலரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பாஸ்டர், கர்த்தருடைய வழிகள் நம் வழிகள் அல்ல என்றார். டி.எஸ்.பி., மெடல் லிஸ்ட் டெல்லிக்குப் போயாச்சு, இப்போ எதுக்குத் தோண்டறே என்றார். உங்களிடமும் கேட்டேன். நீங்கள் எனக்கு டீ வரவழைத்தீர்கள். நல்ல டீ, அதற்கு நன்றி.

இன்று காலை யூனிஸ் வந்தாள். பஸ் பிடித்து, உங்கள் ஸ்டேஷன் படிகளைத் தானே ஏறி, டிபன் கேரியரோடு வந்தாள். காவலுக்கு இருந்தவர் பெஞ்சை இழுத்துப் போட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பேனரை, சால்வையை, அந்த ஒரு வாக்கியத்தை, விரல்களை, கல்பகத்திடம் சொன்ன "ஹவ்"வை. எல்லாம் உனக்காகத்தான் என்றும் சொன்னேன். உலகத்தில் ஒருத்தராவது என் பக்கம் நின்று பதில் சொல்வார்கள் என்றால் அது அவள்தான். அந்த நம்பிக்கையில் கேட்டேன்.

"நீயே சொல்லு யூனிஸ். எனக்கு அந்த வியாதி இருந்து, என் எடத்துல நீ இருந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?"

அவள் கேரியரின் கொக்கியை மாட்டினாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அதிலாபாத் போயிருப்பேன்," என்றாள்.